தர்ஃபா கிணற்றின் விருந்தாளி

என் அக்காள் புருஷன் தைஃபுல்லா இறந்த இரண்டாம் நாள், துக்கம் கேட்க வந்தவர்கள் அவர் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே அவரைக் கஞ்சன் என்று பேசினார்கள்.

"நல்ல மனுசன்தான், இல்லேங்கல," என்றார் ஏழாம் நம்பர் வீட்டுக்காரர். "ஆனா வந்தவனைப் பாத்து 'இது உங்க வீடு'ன்னு ஒருநாளும் அந்த வாயில வந்ததில்ல. சொன்னா என்ன, காசா பணமா?"

"எச்சிக் கையால காக்கா ஓட்டாத ஆளுப்பா அவரு," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

துக்க வீடு என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. பாலைவனத்தில் மந்தையோடு அலைந்த பதூக்களான எங்களில், வாசலுக்கு வந்தவனிடம் 'இது உங்கள் வீடு, நாங்கள்தான் இங்கே விருந்தாளிகள்' என்று சொல்லாதவன் மனிதரில் சேர்த்தியில்லை. தைஃபுல்லாவும் ஒரு காலத்தில் அதைச் சொன்னவர்தான். அந்தச் சொல் அவரிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டு போனது என்பதற்கு நான் சாட்சி. இந்த இரண்டு பேருக்கும் அது தெரியாது. தெரியாமல் பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும், அது என் குணம்.

தைஃபுல்லா என்றால் இறைவனின் விருந்தாளி. அவர் பிறந்தபோது கூடாரத்தின் ஆண்கள் பக்கத்தில் விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தார்களாம். நடுவில் ஒரு திரைதான். திரைக்கு இந்தப் பக்கம் அவர் அம்மா சத்தமே காட்டாமல் பெற்றிருக்கிறாள். பிள்ளை அழுத பிறகுதான் அந்தப் பக்கத்தவர்களுக்கு விஷயம் தெரிந்தது. வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட முடியாமல் போயிற்றே என்று அவள் வருத்தப்பட்டாளாம். 'இப்படிப்பட்ட குடும்பத்துல பொறந்தவருக்குப் பொழைக்கத் தெரியுமா?' என்று என் அக்காள் ஷீஹா அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கேட்பாள். சிரித்துக்கொண்டுதான் கேட்பாள், அப்போதெல்லாம்.

தர்ஃபா கிணறு தைஃபுல்லாவின் தாத்தா வெட்டியது. கிணற்று வாயில் பதித்த கருங்கல்லில் அவர்கள் ஒட்டகங்களுக்குப் போடும் சூட்டுக்குறி செதுக்கியிருக்கும்: ஒரு வளையம், அதன் கீழே இரண்டு கோடு. கயிறு உராய்ந்து உராய்ந்து அந்தக் கல்லின் விளிம்பில் கட்டைவிரல் ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தது. மழை பெய்தால் மந்தையோடு கிழக்கே போவார்கள். வெயில் ஏறினால் கிணற்றடிக்குத் திரும்பி வருவார்கள். மற்ற கூட்டத்தாரும் அங்கே தண்ணீர் காட்டலாம், ஆனால் முதலில் அவரைக் கேட்பார்கள். அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது. ஆனாலும் கேட்பார்கள். கிணறு யாருடையது என்பதற்கு எங்களிடம் இருந்த பத்திரம் அவ்வளவுதான்.

மழை தொடர்ந்து மூன்று வருடம் பொய்த்தது. என் ஆடுகள் எல்லாம் போயின. நான் கம்பைப் போட்டுவிட்டு அரசாங்க வண்டி ஓட்டப் போனேன். தைஃபுல்லா போகவில்லை. அவருக்குக் கிணறு இருந்தது. பதினோரு ஒட்டகங்களையும் ஆடுகளையும் வைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தார்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்தின் நிலப் பதிவு ஆரம்பித்தது. பாலைவனத்தில் எந்த இடம் யாருடையது என்று எழுதப் போகிறார்கள். எழுத்தில் ஏறியவர்களுக்கு அவர்கள் தண்ணீர் நிற்கும். ஏறாதவர்களுக்கு அகபா நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாகச் சிமெண்ட் வீடு கட்டிக் கொடுப்பார்கள். போய் ஒரே இடத்தில் உட்கார வேண்டியதுதான். கிணறு போனால் கோடைக்கு மந்தை நிற்காது. மந்தை போனால் தைஃபுல்லா நெடுஞ்சாலைக்குப் போக வேண்டும். விஷயம் அவ்வளவு நேரானது.

தலைநகர் அம்மானிலிருந்து வந்த பதிவு அதிகாரியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு தர்ஃபாவுக்குப் போனது நான்தான். வஜீஹ் என்று பெயர். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, மடியில் தோல் பை. கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

வண்டி நின்றதும் தைஃபுல்லா கிடாயை அறுத்துவிட்டார். யார், என்ன வேலையாக வந்தார் என்று கேட்கவில்லை. வந்தவனை மூன்று நாள் வரை அப்படிக் கேட்பது எங்களில் இழுக்கு. நான் ஓரமாக இழுத்துப் போய், "மச்சான், இவரு கிணத்து விஷயமா வந்திருக்காரு, பாத்துப் பேசுங்க," என்றேன்.

"எதுக்கு வந்தா என்ன மாப்ளே, மொதல்ல சாப்பிடட்டும்," என்றார்.

வஜீஹ் நன்றாகச் சாப்பிட்டார். சோற்றின் மேல் நெய்யை ஷீஹா திரைக்குப் பின்னாலிருந்து அனுப்பிக்கொண்டே இருந்தாள். காபி வந்தது. முதல் கோப்பை முடிந்ததும் அவர் பையைத் திறந்து தாளை எடுத்தார்.

"இந்த இடம் யாரோடதுங்க?" என்று கேட்டார்.

தைஃபுல்லா கையை நெஞ்சில் வைத்தார். "உங்களோடதுதாங்க. நீங்க காலடி வச்சிட்டீங்க, இனிமே நாங்கதான் இங்க விருந்தாளிங்க."

பேனா ஓடியது.

"எவ்வளவு நாளா இருக்கீங்க?"

எங்களில் எவனும் 'நூறு வருஷமாக இருக்கிறேன்' என்று மார்தட்ட மாட்டான். கண் பட்டுவிடும். "இன்னிக்கு இருக்கோம். நாளைக்கு அல்லாஹ் விட்ட வழி," என்றார் தைஃபுல்லா.

பேனா ஓடியது.

"எத்தனை வீடு இருக்கு?"

"ஒண்ணு."

வஜீஹ் சுற்றிலும் பார்த்தார். "எங்க? கல்வீடு எதுவும் தெரியலியே."

"கல்வீடு எங்களுக்கு எதுக்கு? இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, இதான் வீடு. ஆட்டு ரோமத்துல இவ நெய்ஞ்சது."

அதற்கும் பேனா ஓடியது. கட்டக் கடைசியில் மை டப்பாவும் தாளும் தைஃபுல்லாவின் முன்னால் வந்தன. அவருக்குப் படிக்கத் தெரியாது. விருந்தாளி நீட்டுகிற பொருளை என்னவென்று புரட்டிப் பார்ப்பது அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. பெருவிரலை உருட்டி வைத்தார். எனக்குக் கொஞ்சம் எழுத்து தெரியும். நான் எட்டிப் பார்க்கவில்லை. நானும் அன்று அந்த வீட்டின் விருந்தாளிதான், என் வாயிலும் அவர் இறைச்சி இருந்தது. இன்றுவரை அதை நினைத்தால் எனக்கு என்னையே அறையத் தோன்றும்.

திரும்பும் வழியில் வஜீஹ், "என் ஆயுசுல யாரும் எனக்கு இப்படிச் சாப்பாடு போட்டதில்ல," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லவில்லை.

நான்கு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். 'இடம் தன்னுடையது அல்ல என்றும், தான் அங்கே விருந்தாளி மட்டுமே என்றும், தங்கல் தற்காலிகம் என்றும் மேற்படியார் தாமே கூறியிருக்கிறார். வீடு: இல்லை.' கீழே பெருவிரல் ரேகை, சுத்தமாக விழுந்திருந்தது.

தைஃபுல்லா அந்த ரேகையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "வீடு இல்லையா? இங்கதானே உக்காந்து தின்னாரு?" என்று மட்டும் கேட்டார்.

"ஆட்சேபம் சொல்ல ஒரு மாசம் டைம் இருக்கு மச்சான். நேர்ல போய் விசாரணையில சொல்லணும்."

ஷீஹா திரையை விலக்கிக்கொண்டே வெளியே வந்துவிட்டாள். "போய்ச் சொல்லுங்க. சும்மா மரியாதைக்குச் சொன்னேன்னு சொல்லுங்க. எவன் வந்தாலும் நாம அதைத்தானே சொல்றோம்? வர்றவனெல்லாம் கூடாரத்தைச் சுருட்டிக்கிட்டா போறான்?"

"சரி, சரி," என்றார் அவர்.

விசாரணை நாளன்று மூவரும் என் வண்டியில் போனோம். ஷீஹா வெளியே மர நிழலில் உட்கார்ந்தாள். உள்ளே விசாரணை அதிகாரி, ஜலதோஷம் பிடித்த வயதான மனிதர், மூக்கைத் துடைத்துக்கொண்டே தாளைப் படித்தார். ஒரு மூலையில் வஜீஹ். எங்களைப் பார்த்து எழுந்து ஸலாம் சொன்னார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

அதிகாரி எங்கள் வழக்கம் தெரிந்தவர். அது முதல் கேள்வியிலேயே புரிந்தது. "பெரியவரே, எங்கம்மாவும் உங்க பக்கந்தான். எனக்கு உங்க பேச்சு தெரியும். இது சும்மா வாய் வார்த்தை, மனசுல இருந்து சொன்னது இல்ல, அப்படின்னு நீங்க இங்க சொல்லிட்டா, இந்த வரியை நான் அடிச்சிடலாம். கிணத்துக் கல்லுல உங்க குறி இருக்கு, சாட்சிக்கு ஆள் இருக்கு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன். சொல்றீங்களா?"

எனக்கு உயிர் வந்தது. பின்னாலிருந்து மச்சான் முதுகைத் தொட்டேன். சொல்லுங்கள் என்று.

தைஃபுல்லா வஜீஹைப் பார்த்தார். "இவரு என் வீட்டுல சாப்பிட்டாரா இல்லையா? அவரே சொல்லட்டும்."

"சாப்பிட்டேன்," என்றார் வஜீஹ்.

"அப்ப நான் மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டு வாயில ஒண்ணு சொல்லியா அந்தச் சோத்தைப் போட்டேன்?" தைஃபுல்லா அதிகாரியிடம் திரும்பினார். "ஐயா, எங்க தாத்தாவும் சொன்னாரு, எங்கப்பனும் சொன்னாரு. அது பொய்யின்னு நான் இங்க சொன்னா, அவங்க வாயிலயும் பொய்யின்னு ஆயிடும். சொன்னது நான்தான். மனசாரத்தான் சொன்னேன்."

"பெரியவரே, நல்லா யோசிச்சு..."

"இன்னும் ஒண்ணு இருக்குங்க. விருந்தும் மருந்தும் மூணு நாளு. மூணாம் நாள் முடிஞ்சா விருந்தாளி எழுந்து போயிடணும். வீட்டை வீட்டுக்காரனுக்கே விட்டுட்டுப் போயிடணும். நான் சொன்னதை எழுதினீங்கள்ல, இதையும் சேத்து எழுதிக்குங்க."

அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. தும்மினார். வெகுநேரம் மூக்கைத் துடைத்தார். பிறகு அந்த வரியை அடிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து ஷீஹாவிடம் நடந்ததைச் சொன்னது நான்தான். அவள் எழுந்து புருஷன் முன்னால் நின்றாள். "சும்மான்னு ஒரு வார்த்தை. மூணு எழுத்து. அதைச் சொல்ல நாக்கு வரலியா உங்களுக்கு? பதினோரு ஒட்டகத்தை ஒரு வார்த்தைக்குக் கொடுத்துட்டு வந்திருக்கீங்க."

அவர் போய் வண்டியில் ஏறினார். எனக்கும் அவரை அடிக்க வேண்டும் போல்தான் இருந்தது. கௌரவத்தைக் கறந்தால் பாலா வரும் என்று வழியெல்லாம் முணுமுணுத்தேன், அவர் காதில் விழட்டும் என்றே. அவருக்கு அது கௌரவமாகவே தோன்றவில்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை. கொடுத்த பொருளைக் கொடுக்கவில்லை என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

அந்தக் கோடைக்குள் தர்ஃபாவைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. பம்பு வந்தது, காவல் கூண்டு வந்தது. பத்து ஒட்டகங்களும் ஆடுகளும் சந்தைக்குப் போயின. ஹம்ரா என்ற கிழட்டு ஒட்டகத்தை எவனும் வாங்கவில்லை. அதை மட்டும் ஓட்டிக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்துப் பதினாலாம் நம்பர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஷீஹா வாசலில் கூடாரத்தை அடிக்கப் போனாள். கூடாது, வரிசை கெட்டுவிடும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அதைச் சுருட்டி உள்ளறையில் வைத்தாள். பாதி அறையை அது அடைத்துக்கொண்டது.

எனக்குத் தண்ணீர் லாரி ஓட்டும் வேலை கொடுத்தார்கள். வாரம் இரண்டு முறை அந்த வீடுகளின் தொட்டிகளை நிரப்ப வேண்டும். தண்ணீர் எங்கிருந்து என்று நான் தைஃபுல்லாவிடம் சொல்லவில்லை. முதல் குவளையை வாயில் வைத்ததுமே கண்டுபிடித்துவிட்டார். தர்ஃபா தண்ணீர் கொஞ்சம் கரிக்கும். குவளையைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து முழுவதும் குடித்தார்.

"தண்ணி மேல என்ன கோபம்," என்றார்.

அங்கே ஆறு வருடம் இருந்தார். வந்தவர்களுக்குக் காபி கொடுப்பார். இருக்கிற அரிசியைப் பொங்கிப் போடச் சொல்வார். ஆனால் அந்த வார்த்தையை மட்டும் சொல்ல மாட்டார். ஒருமுறை ஷீஹாவின் சித்தப்பா மகன் குடும்பத்தோடு வந்து வாசலில் நின்றான், வழக்கமான வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு. அவர் கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார், வாய் திறக்கவில்லை. ஷீஹா பொறுக்க முடியாமல் உள்ளே இருந்து, "வாங்க, இது உங்க வீடு," என்றாள். அவர்கள் போன பிறகு அவர் கேட்டார்:

"ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற என்னத்தச் சொல்றது? ஊரே நம்மளக் கஞ்சப்பயலுங்கன்னுது."

"இது நம்மளுது இல்லியே ஷீஹா. நம்மகிட்ட இல்லாததை எப்படிக் கொடுக்கறது?"

அவள் காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு அழுதாள் என்று என்னிடம் பிறகு சொன்னாள். விசாரணை நாளிலிருந்து அவர்மேல் வைத்திருந்த கோபம் அன்றோடு போய்விட்டது என்றும் சொன்னாள்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள் காலை ஹம்ரா கட்டை அறுத்துக்கொண்டு போய்விட்டது. எங்கே போயிருக்கும் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒட்டகம் தன் தண்ணீரை மறக்காது. தைஃபுல்லா என் லாரிப் பக்கம் வந்து நின்றார். ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அவர் அதில் ஏறியதில்லை.

"என்னையும் கூட்டிட்டுப் போ மாப்ளே," என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஹம்ரா வேலியில் கிடந்தது. கம்பிக்குள் கழுத்தை விட்டுத் தள்ளியிருக்கிறது. முன்காலில் எலும்பு தெரிந்தது. காவலுக்கு இருந்தவர் வடக்கே ஏதோ விவசாய ஊர்க்காரர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், புதிதாக மாற்றலாகி வந்தவர். வாளியில் தண்ணீர் வைத்திருந்தார். கம்பியை வெட்ட முயன்று கையைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"விடியக்காலைலேருந்து போராடுறேங்க. உங்களுதுங்களா?" என்று கேட்டார்.

"ஆமா," என்றார் தைஃபுல்லா.

காலைப் பார்த்தார். தடவிக்கொடுத்தார். வாளித் தண்ணீரைக் குடிக்க வைத்தார், முழுவதும் குடிக்கும் வரை பொறுமையாகப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தியை எடுத்து, இறைவன் பெயரைச் சொல்லி, அவரே அறுத்தார். தோலை உரிக்கக் காவலரும் கை கொடுத்தார். முதுகுச் சதையில் நல்ல துண்டு ஒன்றை வெட்டித் தைஃபுல்லா அவர் கையில் கொடுத்தார். அந்த மனிதர் என்ன சொல்வதென்று தெரியாமல் தவித்தார். ஓடிப்போய்த் தேநீர் போட்டார். இருந்த ஒரே பாயைக் கிணற்றுக் கல்லின் பக்கம் விரித்தார். வளையமும் இரண்டு கோடும் இருக்கிற அந்தக் கல்.

தைஃபுல்லா உட்காராமல் நின்றார். கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியூர் ஆள், அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டார். கையை நெஞ்சில் வைத்துச் சொன்னார்:

"உக்காருங்க பெரியவரே. வித்தியாசமா நினைக்காதீங்க. இது உங்க இடம். நாங்கதான் இங்க விருந்தாளிங்க."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. இவர் யார் தெரியுமா என்று கேட்க வாயைத் திறந்தேன். தைஃபுல்லா என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். தானும் உட்கார்ந்தார்.

"அல்லாஹ் உங்களுக்கு ஆயுசைக் கொடுக்கட்டும்," என்று முறைப்படி பதில் சொன்னார். தேநீரை நிதானமாகக் குடித்தார். அவருடைய ஊரையும் பிள்ளைகளையும் பற்றி விசாரித்தார். நான் லாரியில் தண்ணீர் நிரப்பினேன்.

திரும்பும்போது தைஃபுல்லா என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். இறைச்சி மூட்டை காலடியில் இருந்தது. பின்னால் தொட்டியில் தர்ஃபா தண்ணீர் அலம்பிக்கொண்டு வந்தது. பாதி வழியில் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"அந்த ஆளு மனசாரத்தான் சொன்னாரு மாப்ளே. எழுதிக்கத்தான் அங்க யாரும் இல்ல."